பின்வரிசை

அத்தியாயம் 9

எவர்சில்வர் தட்டு ஒன்றில் மூன்று ஸ்பார்க் ப்ளக்குகள், தலை ஒரே பக்கம் பார்க்க வரிசையாகப் படுத்திருந்தன.

"எடுத்துப் பாருங்க," என்று தட்டை நீட்டினார் அண்ணன். விருந்தாளிக்குப் பலகாரம் நீட்டுகிற மாதிரிதான் நீட்டினார். முகத்தில் மட்டும் உபசாரம் இல்லை.

"எனக்கு வேண்டாங்க, இப்பத்தான் சாப்பிட்டேன்," என்றான் ரேடியோ.

சர்வேயர் தன் உதவியாளனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் வாய் மூடிக்கொண்டது. அது ரொம்ப நேரம் தாங்காது என்பது இருவருக்குமே தெரியும். அந்தப் பெயர் அவனுக்குச் சும்மா வரவில்லை. அவளுடைய பெயரும் அப்படித்தான். விபத்தில் நொறுங்கிய வண்டிகளை அலசி இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை கொடுத்துக்கொண்டிருந்தவள், அந்த வேலையை உதறிவிட்டுத் துப்பறிய வந்தபிறகும் 'சர்வேயர்' அவளைவிட்டுப் போகவில்லை.

அண்ணனின் வலது கால் மாவுக்கட்டோடு ஸ்டூலின் மேல் நீட்டிக்கிடந்தது. வாசல் கதவோரம் அவருடைய மனைவி நின்றாள். நெற்றியில் பிளாஸ்திரி, கழுத்துத் தூளியில் இடது கை. சுவரையொட்டி நின்ற அண்ணனின் தங்கைதான் சர்வேயரை வரவழைத்தவள். அந்த ஹாலில் நாற்காலிகள் நிறைய இருந்தன. யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை.

"போன வாரம் மேம்பாலத்து ஏத்தத்துல என் வண்டி இருமி இருமி நின்னுபோச்சு," என்றார் அண்ணன். "பின்னாடி வந்த லாரி ஒரே இடி. அதுக்கு முந்தின மாசம்தான் இவ புருஷன் வண்டிக்கு ப்ளக் மாத்தியிருந்தான். இரிடியமாம். ரொம்ப வருஷம் உழைக்குமாம். உழைச்ச லட்சணத்தை என் கால்ல பாருங்க. எதிர்த்தெரு மெக்கானிக் கழட்டிப் பார்த்துட்டுச் சிரிக்கறான். மூணும் போலி."

"அவர் அப்படிச் செய்யற ஆள் இல்லண்ணா," என்றாள் தங்கை.

"அப்படியா? அப்ப முந்தாநாள் ராத்திரி அவன்கிட்டயே 'போலி போட்டியா'ன்னு எதுக்குக் கேட்ட?"

தங்கை தலை குனிந்துகொண்டாள். ஆத்திரத்தில் அண்ணியிடம் சொல்லி அழுதது அண்ணன் காதுக்குப் போய்விட்டிருந்தது.

"இன்னிக்கு விளக்கு போடற நேரம் வரைக்கும் பார்ப்பேன்," என்றார் அண்ணன். "அந்த கிரீஸ்காரனை விட்டுட்டு இவ இந்த வீட்டுக்கு வந்துட்டா, விஷயம் இந்தத் தட்டோட முடிஞ்சுபோச்சு. இல்லேன்னா போலீஸ். பட்டறைக்குப் பூட்டு, அவனுக்குக் கம்பி."

சர்வேயர் ஒரு ப்ளக்கை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். நடுமுனை தடியாக, மொட்டையாக இருந்தது. முனையிலும் அதன்மேல் வளைந்த கொக்கியிலும் குறுக்கும் நெடுக்குமாகப் பளபளவென்று கீறல்கள். மற்ற இரண்டிலும் அதே கீறல்.

"ஆறு சிலிண்டர் வண்டிதானே? மத்த மூணு ப்ளக் எங்க?"

"பின்னாடி இருக்கு. அதுவும் இதே குப்பைதான்."

"பார்த்தாச்சா?"

"மூணைப் பார்த்தது போதாதா? மிச்சத்தையும் பார்த்து வேற வயிறெரியணுமா?"

"வயித்துக்கும் ஒரு ப்ளக் மாத்தினா சரியாயிடும்," என்று முணுமுணுத்தான் ரேடியோ.

*

தங்கையின் கணவனான மெக்கானிக் வீட்டுக்குள் வரவில்லை. வெளிக்கேட்டை ஒட்டி நிறுத்தியிருந்த தன் பிக்கப் வண்டியில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். யாராவது வந்து சண்டை போட்டால் நன்றாயிருக்கும் என்று காத்திருப்பவன் போலிருந்தான்.

"உங்களை யாரு கூப்பிட்டா? அவளா?" என்றான் சர்வேயரைப் பார்த்ததும். "நான் போலியான்னு கண்டுபிடிக்கவா, ப்ளக் போலியான்னு கண்டுபிடிக்கவா?"

"ரெண்டும் ஒரே வேலைதான். இந்த வீட்டு ஆளை உங்களுக்குப் பிடிக்காது. அப்புறம் எதுக்கு அவர் வண்டிக்கு இருக்கறதுலேயே உசத்தி ப்ளக்கைத் தேடிப் போட்டீங்க?"

"பிடிக்காததாலதான்."

ரேடியோ காதைக் கிட்டே கொண்டுவந்தான்.

"சாதா ப்ளக் சீக்கிரம் தேஞ்சுடும்," என்றான் மெக்கானிக். "திரும்ப மாத்தணும். இந்த வண்டில முன்வரிசை மூணு கைக்கு எட்டும். பின்வரிசை மூணு மேனிஃபோல்டுக்கு அடியில ஒளிஞ்சிருக்கு. காத்து போற அந்தக் குழாய்க் கூட்டத்தையே மொத்தமா இறக்கினாத்தான் தெரியும். அதுக்கு அரை நாள் இந்தக் கொட்டகையில நிக்கணும். அரை நாளும் அவர் ஜன்னல்லேருந்து என் குலம் கோத்திரமெல்லாம் இழுப்பார். அடிக்கடி வந்து கேட்டுட்டுப் போக எனக்கு என்ன தலையெழுத்தா? அதான், எது ரொம்பக் காலம் உழைக்கும்னு பார்த்துப் பார்த்து இரிடியம் போட்டேன். இந்த மூஞ்சியை மறுபடி பார்க்க வேண்டாம் பாருங்க."

"வெறுப்புக்கு இவ்வளவு வாரண்டியா!" என்றான் ரேடியோ.

சர்வேயர் சிரிக்கவில்லை. திரும்பி வேகமாகக் கொட்டகைக்கு நடந்தாள்.

அண்ணனின் கார் அங்கே நின்றது. வாங்கியது பழைய வண்டி. அதை வைத்து அவர் அடித்த தம்பட்டம் மட்டும் புதுசு. லாரி இடித்த பின்பக்கம் கசங்கிய டப்பாவாயிருந்தது. முன்பக்கத்தில் ஒரு கீறல் இல்லை. அதன் பக்கத்தில், பளபளவென்று துடைத்து வைத்த பழைய ஸ்கூட்டர் ஒன்று.

"பின்வரிசையைத் திறக்கணும்," என்று ஹால் ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள் சர்வேயர்.

"முடியாது!" ஜன்னல் கம்பிக்குப் பின்னாலிருந்து அண்ணனின் குரல் பாய்ந்தது. "என் வண்டி! அவன் கைவைக்கக் கூடாது. திறக்கற சாக்குல உள்ள எதையாவது சொருகிடுவான்."

"எதிர்த்தெரு மெக்கானிக்கைக் கூப்பிடலாமா?"

"யாரும் வேண்டாம்! இருட்டறதுக்குள்ள முடியற வேலையா அது?"

"அண்ணா." தங்கை வெளியே வந்திருந்தாள். "திறக்கட்டும். பின்னாடியும் போலி இருந்தா நான் இப்படியே உள்ள வந்துடறேன். விளக்கு வைக்கிற வரைக்கும்கூட நீ காத்திருக்க வேண்டாம்."

ஜன்னல் சட்டென்று அமைதியானது. மறுத்தால் தங்கையை வேண்டாம் என்பது போலாகிவிடும்.

கேட்டருகே மெக்கானிக் நிமிர்ந்தான். அன்று முதல் முறையாக மனைவியைப் பார்த்தான். "பந்தயம் கட்டறியா? என்னை வெச்சா?"

"உன்னை நம்பித்தான் கட்டறேன்."

"நம்பறவங்க கேக்க மாட்டாங்க," என்றான் அவன். பெட்டியைத் திறந்து ஸ்பானரை எடுத்துக்கொண்டு, அவளைத் தாண்டிக் கொட்டகைக்குள் போனான்.

"கைவித்தை காட்டிடுவான்னு பயப்படறீங்க," என்று ஜன்னலிடம் சொன்னாள் சர்வேயர். "உங்க வீட்டம்மாவே பக்கத்துல உட்கார்ந்து பார்க்கட்டும். அவங்களை நம்புவீங்கல்ல?"

அண்ணி ஒரு நாற்காலியை ஒற்றைக்கையால் இழுத்துக்கொண்டு வந்து பானெட்டுக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தாள்.

*

வேலை மெதுவாக நகர்ந்தது. மெக்கானிக் எதற்கும் வாய் திறக்கவில்லை. அண்ணன் திறந்த வாயை மூடவில்லை. மெக்கானிக்கின் அப்பாவில் தொடங்கி அவன் படிக்காத படிப்புவரை வந்து, மறுபடி அப்பாவுக்கே போனார். தங்கை ஹால் ஜன்னலுக்குப் போய், அண்ணனுக்கும் கொட்டகைக்கும் நடுவில் நின்றுகொண்டாள். அதன்பிறகு வசவு அவளைச் சுற்றிக்கொண்டுதான் வெளியே வரவேண்டியிருந்தது.

ரேடியோ ஸ்கூட்டர் மேல் ஏறி உட்கார்ந்தான். இறங்கிய வேகத்தில் சீட் திறந்துகொண்டது.

"மேடம், இங்க பாருங்க. சீட்டுக்கடியில பியூட்டி பார்லரே நடக்குது."

ப்ளக் ஸ்பானர், துடைக்கிற துணி, இரும்பைத் தேய்க்கிற எமரித் தாள், அழகாக மடித்தது. தாளில் மடித்த இடமெல்லாம் தேய்ந்து வழுவழுத்திருந்தது.

"யார் ஸ்கூட்டர் இது?" என்று சர்வேயர் அண்ணியைக் கேட்டாள்.

"அவரோடதுதான். கல்யாணத்துக்கு முன்னாடி வாங்கினது. வேற யாரும் தொட முடியாது. எல்லா ரிப்பேரும் அவரே பார்த்துப்பார்." அண்ணி கொஞ்சம் யோசித்துச் சேர்த்துக்கொண்டாள். "என்னைவிட அதுகூடத்தான் ஜாஸ்தி பேசுவார்."

சர்வேயர் மெக்கானிக்கிடம் குனிந்தாள். "இரிடியம் ப்ளக்கை எமரியில தேய்ப்பீங்களா?"

"தேய்ச்சா முனை போச்சு. அதைத் தொடவே கூடாது. டப்பாவுலேருந்து எடுத்து அப்படியே போடணும்."

சர்வேயர் ரேடியோவின் காதில் ஏதோ சொன்னாள். அவன் முகம் மலர்ந்தது. "நடிக்கணுமா? சம்பளம் தனியா?" என்று கேட்டுக்கொண்டே கேட்டைத் தாண்டிக் கடைத்தெருப் பக்கம் ஓடினான்.

வெயில் சாயத் தொடங்கியபோது மேனிஃபோல்டு இறங்கியது. மெக்கானிக் நீளமான பாக்ஸ் ஸ்பானரை உள்ளே விட்டுத் திருகி, முதல் ப்ளக்கை வெளியே எடுத்தான். எடுத்ததும் தன் கையில் வைத்துக்கொள்ளாமல் நேராக அண்ணியிடம் நீட்டினான்.

அதன் நடுமுனை ஊசிபோல் மெலிந்திருந்தது. ஒரு கீறல் இல்லை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும்.

"இதான் இரிடியம்," என்றான்.

அண்ணி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் என்னவோ மாறியது. எழுந்து வீட்டுக்குள் போனாள்.

*

"நான் சொல்லல?" ஹாலில் அண்ணன் தொடையில் அடித்துக்கொண்டார். மாவுக்கட்டுக் கால் அதிர, முகம் சுளித்தார். "பின்னாடி நல்லதைப் போட்டுட்டு முன்னாடி போலியைப் போட்டிருக்கான். பாதிக்குப் பாதி கொள்ளை!"

தட்டின் பக்கத்தில் பின்வரிசை ப்ளக் ஒன்றை வைத்தாள் சர்வேயர். "ஏமாத்தறவன் எங்க ஏமாத்துவான்? பானெட்டைத் தூக்கினதும் கைக்கு எட்டற இடத்துலயா? போலியை அடியில, யாரும் திறக்காத இடத்துல ஒளிச்சிட்டு, நல்லதை முன்னாடி நிறுத்துவான். இங்க தலைகீழா இருக்கு. இந்த வேலையைச் செஞ்ச ஆளுக்கு முன்வரிசைதான் எட்டியிருக்கு. பின்வரிசையைத் திறக்கத் தெரியல, இல்ல பொறுமை இல்ல."

"அப்ப வேற எவனோ செஞ்சிருக்கான். எனக்கென்ன தெரியும்?"

அந்த நேரம் பார்த்து ரேடியோ மூச்சு வாங்கிக்கொண்டு உள்ளே வந்தான். கையில் கடை டப்பா, எமரித் தாள்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. கடைக்குப் போகலாம்னு உங்க ஸ்கூட்டரை உதைச்சேன். எனக்கு முட்டி வலிச்சதுதான் மிச்சம்."

"யாரைக் கேட்டுடா அதைத் தொட்ட?"

"அதான் பிராயச்சித்தமா புது ப்ளக் வாங்கிட்டு வந்துட்டேன். அப்படியே மாட்டிடறேன்."

"அப்படியேவா?" அண்ணனுக்கு ரத்தம் ஏறியது. "அப்படியே மாட்டறவன் எல்லாம் வண்டியைத் தொடலாமா? குடு இங்க. அந்தத் தாளையும் குடு."

டப்பாவைப் பிரித்தார். எமரியை மடித்து முனையின் இடுக்கில் விட்டு இழுத்தார். பிறகு கொக்கியின் மேல் குறுக்கே தேய்த்தார், நெடுக்கே தேய்த்தார். ஊதினார். வெளிச்சத்தில் பிடித்து ஒற்றைக்கண்ணால் பார்த்தார்.

"புதுசுல கம்பெனிக்காரன் ஏதோ பூச்சு பூசியிருப்பான். அதைத் தேய்ச்சு எடுத்தாத்தான் பொறி சுத்தமா வரும். என் ஸ்கூட்டர் இத்தனை வருஷமா ஓடறது சும்மாவா? இந்தா, இப்ப மாட்டு."

சர்வேயர் கையை நீட்டி அதை வாங்கினாள். எவர்சில்வர் தட்டில் மற்ற மூன்றோடு நாலாவதாகப் படுக்க வைத்தாள். தட்டை ஒரு சுற்றுச் சுற்றி அவரிடம் நீட்டினாள்.

"இதுல எது உங்க ஸ்கூட்டர் ப்ளக்? கீறலை வெச்சுச் சொல்லுங்க பார்ப்போம்."

நாலும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி கிடந்தன.

தங்கை தட்டைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள். "அண்ணா..." என்றாள்.

"என்ன அண்ணா? ஊர்ல ப்ளக் வெச்சிருக்கறவன் எல்லாம் தேய்க்கறான்!"

"பழசைத் தேய்ப்பாங்க," என்றாள் சர்வேயர். "டப்பாவைப் பிரிச்ச கையோட புதுசைத் தேய்க்கற ஆளை இப்பத்தான் பார்க்கறேன். மெக்கானிக் போட்ட பின்வரிசையில ஒரு கீறல் கிடையாது."

"எல்லாம் ஜோடனை! இதெல்லாம் எந்த ஸ்டேஷன்ல எடுபடும்?" அண்ணன் தட்டைத் தள்ளினார். ப்ளக்குகள் உருண்டன. "நான்தான் மாத்தினேன்னா, அவன் முன்னாடி போட்ட அந்த நல்ல மூணு எங்க? காட்டு! காட்டிட்டு அப்புறம் பேசு!"

"அது எனக்குத் தெரியாது," என்றாள் சர்வேயர்.

அண்ணன் சிரித்தார். அன்று முழுக்க அவர் சிரித்த ஒரே சிரிப்பு அது.

"எனக்குத் தெரியும்," என்றாள் அண்ணி.

தையல் மிஷின் பக்கத்தில் நின்றிருந்தாள். இழுப்பறை திறந்திருந்தது. ஒற்றைக்கையில் ஒரு கைக்குட்டை மூட்டை. அதை மேஜையில் வைத்து முடிச்சை அவிழ்த்தாள். மெலிந்த ஊசி முனையோடு மூன்று ப்ளக்குகள்.

"நேத்து நூல் தேடினப்ப கையில தட்டுப்பட்டுது. மிஷின் சாமான் ஏதோன்னு விட்டுட்டேன். என் கைக்குட்டையை எடுத்து யார் சுத்தினாங்கன்னுதான் யோசிச்சேன். இன்னிக்கு அந்தத் தம்பி ஒண்ணைக் கழட்டி என் கையில குடுத்தப்பத்தான் இது என்னன்னு தெரிஞ்சுது." கணவனை நேராகப் பார்த்தாள். "தூக்கிப் போட மனசு வரல, இல்ல? ரொம்பக் காலம் உழைக்கற சாமானாச்சே."

அண்ணன் தங்கையின் பக்கம் திரும்பினார். "உனக்காகத்தாம்மா செஞ்சேன். வண்டி கொஞ்சம் தடுமாறும், நடுரோட்டுல நிக்கும், அவன் லட்சணம் எல்லாருக்கும் தெரியும், நீ வீட்டுக்கு வந்துடுவேன்னு... அவ்வளவுதான் நினைச்சேன். ஏத்தத்துல ஒரேயடியா நின்னு, பின்னாடி லாரி வரும்னு நான் கண்டேனா?"

"எனக்காகன்னு சொல்லாதண்ணா," என்றாள் தங்கை. "உன்னால ரெண்டு நாளா என் புருஷனை நான் திருடனைப் பார்க்கற மாதிரி பார்த்திருக்கேன்."

"என்னை எதுக்குங்க ஏத்தினீங்க?"

அண்ணியின் குரல் உயரவே இல்லை. அதனால்தான் எல்லோரும் திரும்பினார்கள்.

"கல்யாணம் ஆன நாள்லேருந்து நீங்களா என்னை எங்கயும் கூப்பிட்டதில்ல. அன்னிக்கு வந்து, கிளம்பு, சும்மா ஒரு சுத்து போயிட்டு வரலாம்னீங்க. கண்ணாடி முன்னாடி அவ்வளவு நேரம் நின்னேன். எது உடுத்தறதுன்னு தெரியாம." நெற்றிப் பிளாஸ்திரியைத் தொட்டுக்கொண்டாள். "வண்டி நிக்கறதைப் பார்க்க ஒரு சாட்சி வேணும்னுதான் கூட்டிட்டுப் போனீங்களா?"

அண்ணன் மாவுக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் பதில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

ரேடியோ வாயைத் திறந்தான். என்ன தோன்றியதோ, மூடிக்கொண்டான்.

*

கொட்டகையில் மெக்கானிக் பின்வரிசை ப்ளக்குகளைத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தான். எந்த வீட்டு வண்டியானாலும், இன்ஜினைத் திறந்துபோட்டுவிட்டு அவனால் போக முடியாது.

தங்கை கைக்குட்டையோடு வந்து நின்றாள். அவன் திரும்பவில்லை. ஹாலில் நடந்தது முழுக்க ஜன்னல் வழியாக அவனுக்கும் கேட்டிருந்தது.

"இப்ப நம்பறியா?" என்றான், இன்ஜினைப் பார்த்துக்கொண்டே.

"இப்ப நம்பி என்ன பிரயோஜனம்? அன்னிக்கு நம்பியிருக்கணும்."

அவன் கையைப் பின்னால் நீட்டினான். அவள் ஒரு ப்ளக்கை எடுத்து, முனையில் விரல் படாமல் நடுப்பட்டையில் பிடித்து, அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"முனையைத் தொடக்கூடாதுன்னு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. மத்தியானத்துலேருந்து ஜன்னல்ல நின்னு உன் கையைத்தான் பார்த்துட்டிருந்தேன்."

அவன் முகத்தில் இருந்த கோபம் அப்படியேதான் இருந்தது. ஆனால் காலை நகர்த்தி, பானெட் ஓரத்தில் அவள் நிற்க இடம் விட்டான்.

தெருவிளக்குகள் எரியத் தொடங்கியபோது வேலை முடிந்தது. மெக்கானிக் பானெட்டை இறக்கி அழுத்தினான். கையைத் துடைத்துக்கொண்டான்.

"பின்பக்கம் நசுங்கினாலும் இன்ஜினுக்கு ஒண்ணும் ஆகல. இனி ரொம்ப வருஷத்துக்கு இந்த வீட்டுப் பக்கம் நான் வரவேண்டியதில்ல."

"நானும்தான்," என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

அண்ணி நின்றாள். நல்ல கையில் ஒரு பை. "உங்க வண்டில இடம் இருக்குமா தம்பி? எங்க அக்கா வீட்டுல இறக்கி விட்டாப் போதும்."

தங்கை ஓடிப்போய்ப் பையை வாங்கிக்கொண்டாள். மெக்கானிக் பிக்கப்பின் கதவைத் திறந்து, சீட்டைத் துணியால் துடைத்தான். சர்வேயர் அண்ணியின் தூளிக்கை இடிபடாமல் பிடித்து ஏற்றிவிட்டாள்.

"நம்ம எங்க உட்காரறது மேடம்?" என்றான் ரேடியோ.

"பின்வரிசை."

இருவரும் பிக்கப்பின் பின்தட்டில் ஏறி உட்கார்ந்தார்கள். வண்டி கிளம்பும்போது வீட்டுக்குள்ளிருந்து அண்ணனின் குரல் கேட்டது.

"ஏய்... யாரங்க? கொஞ்சம் தண்ணி கொண்டா."

ஹாலில் இன்னும் யாரும் விளக்குப் போட்டிருக்கவில்லை.